இருபத்திரண்டு படி இறங்கிய முருங்கை

முதலில் கிளம்பியது ஓமவல்லிதான். மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஆவரம்பூ நகர் மூன்றாம் தெருவில் பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த மத்தியானத்தில், ஜெயக்கொடியின் மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாவில் இருந்த ஓமவல்லி, டப்பாவோடு படியிறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து, மோசஸ் வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டது. கதவைத் திறந்த வாத்தியார் அதை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டு மதிலோரத்திலிருந்து கிள்ளப்பட்ட ஒரு கொப்பின் வாரிசு அது என்று அடையாளம் கண்டுகொண்டார். "வந்துட்டியா, வா" என்று சொல்லி உள்ளே எடுத்து வைத்துவிட்டு, விட்ட தூக்கத்தைத் தொடரப் போனார்.

எங்கள் ஊரில் செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் பிடிக்காது என்பது நம்பிக்கை. கறிவேப்பிலைக் கன்றோ, வெற்றிலைக்கொடியோ, மல்லிகைப் பதியனோ, ஆள் பார்க்காத நேரத்தில் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் வேர்விடும். ஆகவே நல்லது கெட்டதுக்கு ஒரு வீட்டுக்குப் போகிறவள் திரும்பும்போது மதிலோரமாக நாலு எட்டு விலகி நடப்பதும், முந்தானைக்குள் ஒரு கொப்பு மறைவதும், அந்த வீட்டுக்காரி சரியாக அந்த நேரம் பார்த்துப் பால் பொங்குகிறது என்று அடுப்படிக்கு ஓடுவதும், எங்கள் தெருவில் வீடு கட்டின நாளிலிருந்து நடந்து வருகிற மரியாதை. ஓடாமல் நின்று பார்க்கிறவளைத்தான் கஞ்சப்பிசினாரி என்று பேசுவோம். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்துக் கௌரவமாகப் பிழைக்கிற நானும் திருடியிருக்கிறேன். மோசஸ் வாத்தியாரின் ஒரே மகன் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, அடுக்குச் செம்பருத்தியில் ஒரு கிளையை ஒடித்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வந்தவன் நான்.

திருட்டில் ஜெயக்கொடியை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் சத்துணவுக் கூடத்தில் சமையல் பார்க்கிறவள். அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் எடைமேடையில் லாரி நிறுக்கிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், திடீரென்று ஒருநாள், இரண்டு உடைந்த பக்கெட்டும் ஒரு சாக்குக் காய்ந்த இலையுமாக அவள் மாடியேறினாள். எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற, கோடையில் அதுவும் நின்று லாரி வருகிற கரிசல் ஊரில், அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு, காய் கழுவின தண்ணீரைக் கொடிக்கு, சீயக்காய் போட்டுக் குளித்த தண்ணீரை வாழைக்கு என்று பாத்திரம் பாத்திரமாகப் பிரித்து, காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் டீத்தூளையும் தெரு முழுக்க வீடு வீடாக வாங்கி மட்க வைத்து, தேங்காய் மட்டையால் தொட்டி மண்ணுக்கு மூடாக்குப் போட்டு, பூச்சி வந்தால் வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்து, ஒரு சொட்டு விலைமருந்து படாமல், நாற்பத்தியொரு தொட்டி வளர்த்தாள். காய்ந்த சருகை யாராவது கொளுத்தினால் சண்டைக்குப் போனாள், கொளுத்தாதவர்களுக்குச் சுரைக்காய் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் எங்கள் தெருவில் குப்பை வண்டிக்காரர் பாதிச் சுமையோடு திரும்பினார். வார்டு கவுன்சிலர் வந்து பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடையையும் அவள் கீரைப் பாத்திக்கு வெயில் மறைப்பாகக் கட்டிவிட்டாள். ஆனால் அந்த நாற்பத்தியொன்றில் ஒன்றுகூட அவள் விலைக்கு வாங்கியதில்லை. எல்லாம் நாங்கள் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடின நேரத்தில் போனவை.

ஓமவல்லிக்கு மறுநாள் தூதுவளை கிளம்பியது. அதற்கும் மறுநாள் பிரண்டையும், மூன்று கத்தரியும், நித்தியகல்யாணியும். பிறகு வரிசை என்று ஒன்றும் இல்லை. ஜெயக்கொடி வீட்டிலிருந்து மட்டுமில்லை, என் வீட்டுச் செம்பருத்தி வாத்தியார் வீட்டுக்குப் போனது, வாத்தியார் வீட்டு மருதாணி என் வீட்டுக்கு வந்தது. "பாத்தியா, பாத்தியா, அந்தப் பெரிய மனுசரும் நம்மகிட்டக் கை வச்சிருக்காரு" என்று என் வீட்டுக்காரி சந்தோஷத்தில் எனக்கு ஒரு காபி சேர்த்துப் போட்டாள். யார் வீட்டிலிருந்து யார் திருடினார்கள் என்பது மொத்தமும் தெருவிலேயே நடந்து போய்க்கொண்டிருக்க, முதல் இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டோம். மூன்றாம் நாள், கூச்சப்படாத வீடு ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்ததும், கூச்சம் போய்விட்டது.

செடிகள் நடப்பதை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் அவை அசையாது. கண்ணைத் திருப்பி, சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், நாலு அடி தள்ளி நிற்கும். பார்க்காத மாதிரி இருப்பதில் எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டாகையால் இது சிரமமாக இல்லை. ஆட்டோக்காரர்கள் தொட்டிகளைச் சுற்றி ஓட்டினார்கள். கோலம் போடுகிறவர்கள் வாசலில் நிற்கிற செடியையும் சேர்த்துப் புள்ளி வைத்தார்கள். நடுவெயிலில் பாதி வழியில் நின்றுவிட்ட துளசிக்கு யாரோ குடை விரித்து வைத்தார்கள். போகிற வழியில் இருக்கிற வீட்டுக்காரர்கள் சோறு வடிப்பதற்கு முன்னால் அரிசி களைந்த தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவது என்பது, யாரும் சொல்லாமலே முறையாகிவிட்டது. மோசஸ் வாத்தியார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்கிற தோரணையில் ஒரு கூட்டம் போட்டு, நடந்து போகும் செடியில் இலை பறிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானமும், ரசத்துக்கு ஒரு இணுக்குக் கறிவேப்பிலை மட்டும் பறிக்கலாம் என்று ஒரு திருத்தமும் நிறைவேற்றினார்.

செடி வந்துவிட்டது, அதை வைக்க மண் வேண்டுமே. பெரும்பாலான வீடுகளில் முற்றத்தை எப்போதோ சிமெண்டால் மெழுகியாகிவிட்டது. டைல்ஸ் தரையில் வந்து நின்ற செடி இரண்டே நாளில் தலை தொங்கியது. அப்போதுதான் ஜெயக்கொடி, மாடியில் மிஞ்சியிருந்த மட்குக் குவியலைச் சட்டி சட்டியாக அள்ளிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். செடிகள் போனதற்கு அவள் அழுவாள் என்று நினைத்திருந்தோம். அவள் எங்கள் சிமெண்டைப் பார்த்துத்தான் வைதாள். "எண்ணே, பூமிக்கு இப்படி மூச்சு முட்ட மெழுகிட்டு, மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்? ரெண்டு சதுரமாச்சும் பேத்து எடுங்க" என்று என்னிடம் கடப்பாரையை நீட்டினாள். பேர்த்தேன். எல்லாரும் பேர்த்தோம். வாழைக்குப் பக்கத்தில் குளியலறைத் தண்ணீரைத் திருப்பிவிடச் சொல்லிக் கொடுத்தாள், தொட்டிக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு போடச் சொன்னாள், எறும்புக்குப் பயப்பட வேண்டாம் என்றாள். இருபத்தெட்டு வீட்டுக்கும் போனாள். எதிர்வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

எதிர்வீடு ராஜகனியுடையது. புருஷன் இல்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். ஒரு காலத்தில் அவளும் ஜெயக்கொடியும் ஒரு குழம்பை இரண்டு வீட்டுக்கு வைத்தவர்கள். ஜெயக்கொடி அவளை மைனி என்று கூப்பிடும் குரலில்தான் எங்களுக்கு விடியும். ஆறு வருஷமாக அந்தக் குரல் கேட்கவில்லை. என்ன சண்டை என்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றார்கள், அது பொய்யும் இல்லை, சண்டை என்று எதுவும் நடக்கவில்லை.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ராஜகனி வீட்டு முற்றத்தில் ஒரு முருங்கை இருந்தது, தெருவுக்கே கீரையும் காயும் கொடுத்த மரம். அதனடியில் ஐந்து கோழிகள். ஒரு வைகாசியில், கோடை மழை இறங்கிவிட்டுப் போன பிறகு, மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி பிடித்தது. தெருவில் பாதிப்பேர் உடம்பைச் சொறிந்துகொண்டு திரிந்தோம். ராஜகனி தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தாள். ஜெயக்கொடிக்கு அவள்மேல் பிரியம். மைனி திரும்பி வரும்போது ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது, பார்த்து அசந்து போகட்டும் என்று, உரக்கடையில் ஒரு பொட்டலம் பூச்சிமருந்துப் பொடி வாங்கி, ஏணி வைத்து ஏறி, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, மரம் முழுக்கத் தூவிவிட்டாள். பூச்சிகள் கொட்டின. மரத்தடியில் மேய்ந்த கோழிகள், செத்து விழுந்ததையும் துடித்து விழுந்ததையும் கொத்தித் தின்றன. மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்தும் போய்விட்டன. ராஜகனி வந்து பார்த்தாள், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள், பத்து நாள் கழித்து ஆள் வைத்து முருங்கையை வெட்டி, முற்றத்தைச் சிமெண்டால் மெழுகிவிட்டாள். நான்தான் செய்தேன் என்று ஜெயக்கொடி போய்ச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, சொல்லாத முகத்தோடு எதிரே போக முடியாமல் பேச்சையே விட்டுவிட்டாள். வெட்டிப் போட்ட கிளைகள் குப்பை வண்டிக்காகத் தெருவில் கிடந்தபோது, அதிலிருந்து ஒரு போத்தை மட்டும், வண்டி வருவதற்குள், யாரும் பார்க்காமல் எடுத்து வந்து மாடியில் ஒரு நீல டிரம்மில் நட்டாள். அவள் மாடித்தோட்டம் ஆரம்பித்தது அப்படித்தான். கவுன்சிலர் பொன்னாடை போர்த்தியது இதற்குத்தான் என்று எங்களுக்குத் தெரியாது.

பங்குனி பிறந்தபோது அவள் மாடியில் அந்த முருங்கை மட்டும்தான் மிச்சம். நாற்பது தொட்டியும் போன இடத்தின் வட்டத் தழும்புகள் தரையில் இருக்க, நடுவில் டிரம்மோடு அது நின்றது. அது போகாது, கனம் அதிகம் என்று அவள் நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் மாடிக் கதவைத் திறந்தால், டிரம் முதல் படியில் இருந்தது.

மொத்தம் இருபத்திரண்டு படி. நாளைக்கு ஒரு படி. கனமான சாமான் இறக்குகிற கூலிக்காரர் மாதிரி, அவசரமில்லாமல், ஒரு படியில் ஒரு பகலும் ஒரு இரவும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கியது. வெளிப்பக்கப் படிக்கட்டாகையால் தெருவுக்கே தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே "இன்னைக்கு எத்தனாவது?" என்று கேட்பார்கள், நான் "ஒம்பது" என்பேன். ஒன்பதாம் படியில் அது பூத்தது. பன்னிரண்டாம் படியில் அணில் ஒன்று அதில் கூடு கட்ட ஆரம்பித்து, கட்டிக்கொண்டே கூட வந்தது. ஜெயக்கொடி முதல் வாரம் டிரம்மைக் கயிறு போட்டுக் கைப்பிடிச் சுவரில் கட்டினாள். காலையில் கயிறு அவிழ்க்காமலே, ஒரு படி கீழே, அதே முடிச்சோடு இருந்தது. இரண்டாவது வாரம் அவளும் ஆவுடையப்பனும் நானும் வாத்தியாருமாகத் தூக்கி மறுபடியும் மேலே வைத்தோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மறுநாள் காலை விட்ட படிக்கே அது வந்திருந்தது.

பதினெட்டாம் படியில் அது இருந்தபோது ஆவுடையப்பன் கேட்டார், எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் கேட்டார். "அது எங்க போவுதுன்னு தெரியுதில்ல? இந்தத் தெருவுல முருங்கை இருந்தது ஒரு வீடுதான். போத்த எடுத்ததுக்கு எதுக்கு இப்படிச் சாகுத? எல்லாருந்தான் எடுத்தாக."

"போத்த எடுத்ததுக்கு இல்ல" என்று மட்டும் அவள் சொன்னாள். அன்றைக்குச் சத்துணவுக் கூடத்தில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள்.

இருபத்திரண்டாவது படியும் இறங்கி, கேட்டைத் தாண்டி, இருபதடி அகலத் தெருவை நாலு நாளில் கடந்து, முருங்கை ராஜகனி வீட்டு இரும்புக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. மற்ற செடிகளுக்குக் கதவு திறந்த மாதிரி அதற்குத் திறக்கவில்லை. ராஜகனி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள், பட்டையில் கையை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்த் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். வாத்தியார் போய்ப் பேசிப் பார்த்தார். "எனக்கு வேண்டாம் சார். அந்த மரத்துக்கு அடியில ஒரு உசுரக்கூட என்னால காப்பாத்த முடியல. அவ வளத்தா, அவளே வச்சுக்கிடட்டும்" என்றாள். தெருவில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு முருங்கை அங்கேயே நின்றது, மூன்றாம் நாள் காலையில் கோடையின் முதல் தண்ணீர் லாரி வரும்வரை.

லாரி உள்ளே வர முடியவில்லை. டிரைவர் கருத்தப்பாண்டி ஹாரன் அடித்தார், இறங்கி வந்து டிரம்மைத் தள்ளினார், நாலு பேர் சேர்ந்து தள்ளினோம், ஒரு விரற்கடை அசையவில்லை. "ரோட்டுல நிறுத்திக் குழாயத் தொறக்க எனக்கு உத்தரவு இல்ல. பத்து நிமிசந்தான் நிப்பேன். அடுத்த தெருவுல தண்ணி இல்லாம சனம் கூப்பாடு போடுது" என்றார் அவர். லாரிக்கு முன்னால் இருபத்தொன்பது வீட்டுக் குடங்களும், குடங்களுக்குப் பின்னால் நாங்களும், யார் வீட்டு வாசலைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். இந்த லாரி போனால் எட்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை. தெருவே சேர்ந்து நட்ட செடிகள் எட்டு நாள் தாங்காது.

ஜெயக்கொடி குடத்தைக் கீழே வைத்தாள். தெருவைக் கடந்து போய், முருங்கைக்குப் பக்கத்தில், கேட்டுக்கு இந்தப்பக்கம் நின்றாள்.

"மைனி."

மிஷின் சத்தம் நின்றது. ராஜகனி வெளியே வந்தாள். நாங்கள் வழக்கம்போல வேறு எங்கேயாவது பார்க்க முயற்சி செய்தோம், இந்த ஒரு தடவை எங்களால் முடியவில்லை.

"கோழியக் கொன்னது நாந்தான், மைனி. நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப மரத்துக்கு மருந்துப் பொடி தூவுனேன். பூச்சி இல்லாமப் பாத்தா சந்தோசப்படுவீகன்னு தூவுனேன். அது கொத்தித் தின்னுருச்சு. அஞ்சும். நாந்தான்."

ராஜகனிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம், அவள் முகத்தில் வந்தது வேறு என்னமோ.

"பொடியா?" என்றாள்.

"ஆமா, மைனி."

"பொடியத் தின்னா செத்துச்சு?"

"ஆமா."

"அப்ப தண்ணி இல்லாமச் சாகலையா?"

ஜெயக்கொடிக்குப் புரியவில்லை. ராஜகனி கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் வந்து பாக்கையில சட்டி காஞ்சு கெடந்துச்சுட்டி. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மூணு நாளைக்கு ஒரு சட்டித் தண்ணி காணுமான்னு யோசிக்காம, பட்டுச்சேலையக் கெட்டிக்கிட்டு நான் கல்யாணத்துக்குப் போனேன். அந்த வெயில்ல தண்ணி தண்ணின்னு தவிச்சுச் செத்துருக்குன்னு நெனச்சேன். தொண்டைய நனைக்க வழியில்லாம என் வாசல்ல செத்துருக்கு, நான் அங்க பாயசம் குடிச்சிட்டு இருந்தேன்னு நெனச்சேன்."

"அய்யோ மைனி, இல்ல" என்று ஜெயக்கொடி கத்தியேவிட்டாள். "தண்ணி இருந்துச்சு! நீங்க வச்ச சட்டியில பாதிக்கு மேல இருந்துச்சு. வெளிய தெரிஞ்சிருமேன்னு பயந்துகிட்டு நாந்தான் கொட்டுனேன். பொடி விழுந்த தண்ணி, காக்கா குருவி வந்து குடிச்சிரும்னும் பயம். கொட்டி, கழுவி, நாந்தான் வெயில்ல வச்சேன். கடைசியாப் போன புள்ளிக்கோழி என் மடியிலதான் இருந்துச்சு. அது தாகத்துல சாகல, மைனி. நீங்க வச்ச தண்ணி பாதிகூடக் கொறையல."

ராஜகனி வீட்டு மதில்மேல் வரிசையாக ஏழெட்டு மண்சட்டிகள் உண்டு. குடிக்கவே தண்ணீர் இல்லாத சித்திரையிலும் காக்கைக்கும் அணிலுக்கும் தெருநாய்க்கும் அவள் நிரப்பி வைப்பாள். எவ்வளவு இளகின மனசு என்று பேசிக்கொள்வோம். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, மூன்று நாள் சேர்ந்தாற்போல வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் எங்கும் போனதில்லை, சொந்தத் தங்கச்சியின் அடுத்த மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டே அதே தெருவில் இருந்த எங்களில் ஒருத்தருக்கும் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால், எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஆறு வருசம்" என்றாள் ராஜகனி. அப்போதுதான் கோபம் வந்தது. வந்த கோபம் தெரு தாங்காது போல இருந்தது. "ஆறு வருசம்ட்டி! ஒரு வாய் தண்ணி குடிக்கையில, ஒவ்வொரு வாய்க்கும், அதுக கேட்டுருக்குமே கேட்டுருக்குமேன்னு... நீ எதிர்த்தாப்புல இருந்துகிட்டு ஊருக்கெல்லாம் மண்ணு குடுத்துக்கிட்டு இருந்தியா? நீ ஏன் பேசல? நான் பாவின்னு வெறுத்துட்டுத்தான் பேசலன்னு நெனச்சேன். நீ என்னை வெறுத்துட்டன்னு நெனச்சேன்ட்டி!"

ஜெயக்கொடி நின்றபடியே, முகத்தைக்கூட மறைக்காமல் அழுதாள். ராஜகனியும் அழுதாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஒரு நிமிஷம் யாரும் முருங்கையைப் பார்க்காமல் இருந்திருக்கிறோம். திரும்பினால், தெரு காலியாக இருந்தது. டிரம், அணில்கூடு எல்லாமாக மரம் கேட்டுக்கு உள்ளே, சிமெண்ட் முற்றத்துக்கு நடுவில், முன்பு இருந்த அதே இடத்தில் நின்றது. கேட்டின் கொண்டி போட்டபடியே இருந்தது. கருத்தப்பாண்டி ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறி உள்ளே ஓட்டினார், குடங்கள் நகர்ந்தன.

ராஜகனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொண்டியை எடுத்தாள். உள்ளே போய், கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, ஜெயக்கொடியின் காலடியில் போட்டாள்.

"குழி நீ தோண்டு."

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நானும் ஒரு எட்டு வைத்தேன். "வேற ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றாள் ராஜகனி, நாங்கள் வைத்த எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

ஆறு வருஷத்துச் சிமெண்ட், ஜல்லி போட்டு இறுக்கின தரை. முதல் பத்து அடிக்குத் தீப்பொறிதான் வந்தது. ராஜகனி தையல் முக்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு உட்கார்ந்து, வைதுகொண்டே இருந்தாள். கோழிகளின் பேரைச் சொல்லிச் சொல்லி வைதாள், எது எத்தனை முட்டை இட்டது என்று சொல்லி வைதாள், உரக்கடைக்காரனை வைதாள், ஜெயக்கொடிக்குப் பேத்தி பிறந்தபோது தான் சட்டை தைத்து அனுப்பியும் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாததை வைதாள், இடையில் "கோணலாப் போவுது, அந்தப் பக்கம் போடு" என்றாள். ஜெயக்கொடி எல்லாவற்றுக்கும் "ஆமா மைனி" என்றாள். சிமெண்ட் விட்டுக்கொடுத்து, அதனடியில் வெயிலைப் பார்க்காமல் கிடந்த கரிசல்மண் கறுப்பாகத் தெரிந்தபோது பத்தரை மணி இருக்கும். அவள் உள்ளங்கை இரண்டிலும் தோல் கிழிந்திருந்தது. சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்போதும் நிறுத்தாமல் இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தாள்.

ராஜகனி அந்தக் கைகளைப் பார்த்தாள், வைவதை நிறுத்தினாள். பிறகு எழுந்து, லாரியில் அப்போதுதான் பிடித்து வைத்த குடத்திலிருந்து ஒரு செம்பு நிறையக் கோரிக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து, குழியின் ஓரத்தில் குந்தினாள்.

"ஏட்டி, கடப்பாரையக் கீழ வை. மொதல்ல தண்ணியக் குடி."